எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர்

ஜனவரி 7, புதன்

தண்ணீர் வந்தது. காலை 5.40 முதல் 7.45 வரை. பதினான்கு குடம்.

டைரி போன மாதமே கைக்கு வந்துவிட்டது. ஒன்றாம் தேதியே தொடங்கியிருக்கலாம். முதல் பதிவு தண்ணீர் நாளில்தான் இருக்க வேண்டும் என்று காத்திருந்தேன். நெடுங்கரை மாநகராட்சி ஒன்பதாம் வார்டுக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். தேதியைக் குறித்து வைக்காத வீட்டில் அடுத்த எட்டு நாளும் சண்டைதான். வருவாய்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவனுக்குக் குறித்து வைப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தெருக்குழாயிலிருந்து எங்கள் மாடிக்குப் பதினெட்டுப் படி. சுலோசனா தூக்கினாள். நான் வாசலில் நின்று எண்ணினேன்.

"ஒரு மோட்டார் வெச்சா என்னங்க?" என்று வழக்கம்போலக் கேட்டாள். குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சக் கூடாது என்பது மாநகராட்சி விதி. மாநகராட்சிக்காரன் வீட்டிலேயே மோட்டாரா? கட்டிக்கொண்டு முப்பது வருடம் ஆகியும் அவளுக்கு இது புரியவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

அலுவலகத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயர் ஃபௌசியா. சென்னையில் திட்டம் போட்டுக் கொடுக்கும் கம்பெனி. 'நெடுங்கரை 2045' என்று ஒரு புத்தகம் தயாராகப் போகிறதாம். இருபது வருடத்தில் ஊர் எங்கே வளரும், எங்கே சாலை, எங்கே தண்ணீர் என்று இப்போதே எழுதிவிட்டால், அதன்படிதான் இனி ஒவ்வொரு வருட பட்ஜெட்டும். இதுவரை போன வருடத் தொகையோடு பத்து சதவீதம் கூட்டி எழுதிவந்தோம். அதுவும் நன்றாகத்தான் ஓடியது.

"சார், வரி லிஸ்ட்ல வீட்டு ஓனர் மட்டும்தான் இருக்காங்க. எனக்குக் கதவு வேணும். எத்தனை கதவு இருக்குன்னு எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

எழுதியிருக்கிறோமாவா? கதவெண் பதிவேடு என்னுடையது. அறுபது வார்டு, ஒவ்வொரு கதவும், எண் போட்ட தேதியோடு. அலமாரியைத் திறந்து காட்டியதும் அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டது. இத்தனை வருடத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்த்து இன்னொரு ஆள் சந்தோஷப்பட்டது இன்றுதான்.

கதவுக்கு நான்கு பேர் என்று பெருக்கிக்கொள்வார்களாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கலும் தண்ணீரும் ஒரே நாளில். பதினைந்து குடம்.

பதினாறு என்றாள் சுலோசனா. பதினைந்துதான் என்றேன்.

"தூக்கினவளுக்குத் தெரியாதுங்களா?"

"தூக்கறவங்களுக்குக் கணக்கு தப்பும். எண்ணறவன் சொல்றதுதான் கணக்கு" என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது.

ஜனவரி 23, வெள்ளி

தண்ணீர். பதிமூன்று குடம். சுலோசனாவுக்கு வலது முழங்காலில் வலியாம். தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 28, புதன்

புத்தகத்தின் முதல் வரைவு வந்துவிட்டது. உதவி ஆணையர் திருமலைசாமி என்னைக் கூப்பிட்டுத் தன் எதிரில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தது பணியில் சேர்ந்ததிலிருந்து இரண்டாவது முறை.

"சென்னியப்பன், உங்க வார்டுதான் ஊர்லயே நெம்ப வேகமா வளர்ற வார்டுங்க. ஒன்பது வருஷத்துல மூணு மடங்கு. படத்துல பாருங்க, செவசெவன்னு இருக்குது."

பார்த்தேன். ஊர்ப் படத்தில் எங்கள் வார்டு மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் குழப்பமாகவும் இருந்தது. எங்கள் தேர்முட்டி வீதியில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கீழ்வீடு என் அண்ணன் பங்கு, அவர் பெங்களூர் போய் ஆறு வருடம். எதிர்வீட்டு வாத்தியார் மகனோடு புனேயில். வளர்ந்தவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள்?

இந்த வருட பட்ஜெட்டில் ஒரே ஒரு மேல்நிலைத் தொட்டிக்குத்தான் பணம். ஒன்பதாம் வார்டுக்கா, ஊரோரத்தில் புதிதாகச் சேர்த்த நாற்பத்தேழாம் வார்டுக்கா என்று ஒரு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. இனி இழுபறி இல்லை. ஆள் அதிகம் உள்ள இடத்துக்குத் தொட்டி. எங்களுக்கு. தொட்டி வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், அதுவும் மாடி வரைக்கும் தானாக ஏறும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சுலோசனா தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "நெசமாவாங்க?" என்று மூன்று தடவை கேட்டாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எங்கள் கவுன்சிலர் நாச்சிமுத்து வீடு தேடி வந்து பொன்னாடை போர்த்தினார். தெருவே கூடிவிட்டது. கூடியது பதினெட்டுப் பேர். வீதி முனையில் பெரிய பேனர்: 'மாநகரின் அதிவேக வளர்ச்சி வார்டு உங்களை வரவேற்கிறது.' அதன் அடியில் நாய் ஒன்று படுத்திருந்தது.

"உங்க நோட்டு இல்லீன்னா இது நடந்திருக்குங்களா?" என்றார் கவுன்சிலர். நான் சிரித்தேன்.

சுலோசனா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். நேற்று பிடித்த தண்ணீரில் இரண்டு குடம் அதற்கே போய்விட்டது. அவளுக்கு அதுகூட வருத்தமில்லை.

பிப்ரவரி 4, புதன்

ஃபௌசியாவின் பட்டியலைக் கணினியில் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒன்பதாம் வார்டைத் திறந்தேன். மனித ஆசைதான், முதலில் என் பெயரைத் தேடினேன்.

என் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது. கதவு எண் 14, கதவு எண் 31, கதவு எண் 112. மூன்றிலும் கோ. சென்னியப்பன். மூன்றிலும் நான்கு பேர்.

கண் சரியில்லை போலிருக்கிறது. கண்ணாடி மாற்றி நாலு வருடம் ஆகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

புதுக் கண்ணாடி. இரண்டாயிரத்து நானூறு ரூபாய். எழுத்து பளிச்சென்று தெரிகிறது. நான் இன்னும் மூன்று இடத்தில் இருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தண்ணீர். பன்னிரண்டு குடம்.

பால் வாங்கப் போகும்போது வீதியை ஒரு பார்வை பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் மூன்று எண்கள்; ஊரிலேயே மூன்று தடவை எண் போட்டது எங்கள் வார்டில்தான். கறுப்பில் பழைய எண். நீலத்தில் புதிய எண், ஒன்பது வருடத்துக்கு முன் போட்டது. சிவப்பில் திருத்திய புதிய எண், மாநகராட்சியாக உயர்ந்தபோது போட்டது. என் வீட்டு நிலையில் 14, 31, 112 என்று வரிசையாக இருக்கின்றன. இத்தனை வருடமாக அதைத் தாண்டித்தான் போய்வருகிறேன்.

பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி. கணினிக்கு ஒவ்வொரு வரியும் ஒரு வீடு. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். பழைய எண்ணை அன்றைக்கே அழித்திருந்தால் இந்த வம்பே இல்லை. யார் அழிக்க வேண்டாம் என்று சொன்னார்களோ, தெரியவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

உதவி ஆணையரிடம் சொல்லிவிடுவது என்று போனேன். செவ்வாய்க்கிழமை என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது. இருந்தாலும் போனேன்.

"சார், அந்த லிஸ்ட்ல சில வீடு ரெண்டு மூணு தடவ வந்திருக்குதுங்க."

"சில வீடுன்னா?"

"கொஞ்சம் அதிகமாவே இருக்கும்ங்க."

அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இருவது வருஷத்துக்குப் போடற திட்டத்துல அங்கொண்ணு இங்கொண்ணு முன்னப்பின்ன இருந்தா என்னாகிப்போகுது? மொத்தம் சென்னைக்குப் போயிருச்சுங்க. நீங்க எதையும் கிளறாதீங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நானும் 'கொஞ்சம் அதிகம்' என்றுதான் சொன்னேன், மூன்று மடங்கு என்று சொல்லவில்லை. வெளியே வந்ததும் டீ குடித்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

நாற்பத்தேழாம் வார்டில் வரி பாக்கி கேட்க என்னை அனுப்பினார்கள். காட்டுத்தோட்டம் என்று பெயர். நான்கு வருடத்துக்கு முன் சோளக்காடு. இப்போது பனியன் கம்பெனிகள், அவற்றில் வேலை செய்கிறவர்களுக்கு லைன் வீடுகள். ஒரு காம்பவுண்டுச் சுவர், ஒரு இரும்புக் கதவு, உள்ளே இரண்டு பக்கமும் தீப்பெட்டி அடுக்கியது போல அறைகள்.

இரும்புக் கதவில் சிவப்பு எண் இருந்தது. நாங்கள் போட்டதுதான். உள்ளே அறைக் கதவுகளில் எண் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் யாரோ 1, 2, 3 என்று எழுதியிருந்தார்கள். எண்ணினேன். இருபத்தாறு அறை.

18 என்று எழுதிய கதவிலிருந்து ஒரு பெண் வந்தது. மமதா என்று பெயர். ஒடிசாக்காரி. தமிழ் கம்பெனியில் கற்றுக்கொண்டதாம்.

"நம்பர் போட வந்திருக்கா அண்ணா?"

"இல்லம்மா, வரி. இதெல்லாம் யார் எழுதுனது?"

"நாந்தான் எழுதுனது. பொண்ணு ஸ்கூல் சேக்கணும். வீட்டு நம்பர் என்னன்னு கேக்குது. எல்லாரும் கேட் நம்பர் குடுத்தா, ஒரே நம்பர்ல முப்பது புள்ளை எப்படின்னு டீச்சர் திட்டுது. அதனால நாந்தான் எல்லா ரூமுக்கும் போட்டேன். மழை வந்தா போயிடும். மறுபடி எழுதும்."

"ஒரு ரூம்ல எத்தனை பேர்?"

"நாங்க நாலு. அந்தப் பக்கம் பசங்க ரூம்ல எட்டு."

காம்பவுண்டின் கடைசியில் ஒரே குழாய். அதன் முன்னால் குடங்கள் வரிசை, ஆள் யாரும் இல்லை. லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாதாம். குடங்கள் மட்டும் எப்போதும் வரிசையில் நிற்குமாம்.

என் பதிவேட்டில் அந்தக் காம்பவுண்டு ஒரு கதவு. ஒரு கதவுக்கு நான்கு பேர்.

பிப்ரவரி 16, திங்கள்

தண்ணீர். பன்னிரண்டு குடம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காட்டுத்தோட்டத்தில் இருந்தேன். சுலோசனாவிடம் ஆபீஸ் வேலை என்றேன். அது பொய்யில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் போனதில் நாற்பத்தேழு முடிந்தது. இப்போது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமா என்று எழுதுகிறேன்.

புத்தகத்தின்படி ஒன்பதாம் வார்டில் இருபத்தைந்தாயிரம் பேர், நாற்பத்தேழில் மூவாயிரம் பேர். இரண்டும் சேர்த்து இருபத்தெட்டாயிரம்.

உண்மையில் ஒன்பதில் எட்டாயிரம் பேர். பூட்டிய வீடுகளைக் கழித்தால் அதுவும் இல்லை. நாற்பத்தேழில் நான் நடந்து எண்ணியது இருபதாயிரத்துச் சில்லறை. இரண்டும் சேர்த்து இருபத்தெட்டாயிரம்.

தப்பாகப் போட்ட கணக்கின் மொத்தம் சரியாக இருக்கிறது! இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆட்கள் இருக்கிறார்கள். நாம் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். மொத்தம் சரி என்றால் தப்பு என்ன என்று உதவி ஆணையர் கேட்பார். கேட்டால் நான் என்ன சொல்வேன்?

தொட்டி தப்பான இடத்தில் நிற்கும் என்று சொல்லலாம். அந்தத் தப்பான இடம் என் வீதி.

இன்னொன்று. பழைய கோப்புகளில் அந்தச் சுற்றறிக்கை கிடைத்தது. 'புதிய எண் இடும்போது பொதுமக்கள் குழப்பமடையாதிருக்கப் பழைய எண்ணை அழிக்க வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் பதிவேட்டில் தனி வரி இடப்பட வேண்டும்.' கீழே ஒரு கையெழுத்து. யாருடையது என்று வெகுநேரம் பார்த்தேன். புதுக் கண்ணாடி என்பதால் நன்றாகவே தெரிந்தது. என்னுடையது.

பிப்ரவரி 24, செவ்வாய்

தண்ணீர். ஒன்பது குடம்.

காங்கேயத்தில் சுலோசனாவின் தங்கை மகளுக்கு இன்று வளைகாப்பு. தண்ணீர் நாள் என்பதால் அவள் போகவில்லை. நான் பட்ஜெட் கூட்டம் இருக்கிறது என்று எட்டு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. பத்தாவது குடத்தோடு ஏறும்போது பன்னிரண்டாம் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். நான் மேலே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். மூன்று மாதம் படி ஏறக் கூடாது, குடம் தூக்கவே கூடாது. மாடியிலிருக்கும் வீட்டுக்குப் படி ஏறாமல் எப்படிப் போவது என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆட்டோவில் வரும்போது அவள் சொன்னாள்: "போவுது விடுங்க. இன்னும் ஒரு வருஷந்தானே. தொட்டி வந்துருமில்ல."

எனக்கு அழுகை வந்தது. ஆட்டோவில் தூசி அதிகம்.

பிப்ரவரி 26, வியாழன்

ஃபௌசியாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் இன்று சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தொட்டி இன்னும் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண் என் நாற்பத்தேழாம் வார்டுக் காகிதங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தது. "இத்தனையும் நீங்களே நடந்து எண்ணுனீங்களா சார்?" என்றது. பிறகு காகிதங்களை அடுக்கி வைத்தது.

"நானா மாத்த முடியாது சார். பதிவேடு வெச்சிருக்கறவங்க தப்பு எப்படி வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மாத்தலாம். மார்ச் ஆறாம் தேதிக்குள்ள."

"எழுதுனா எனக்கு மெமோ வருமேம்மா."

"வரும் சார்" என்றது. பொய் சொல்லத் தெரியாத பெண்.

மார்ச் 2, திங்கள்

சுலோசனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நாம் மூன்று வீடாக இருக்கிறோம் என்றதும் சிரித்துவிட்டாள். "அப்ப மூணு நாலு பன்னண்டு. பன்னண்டு பேரு இருக்கற ஊட்லயா நான் ஒருத்தி தண்ணி தூக்கறேன்? மத்த பதினோரு பேரு எங்க போனாங்க?"

பதினோராவது ஆளாக என்னையும் சேர்த்துத்தான் தேடுகிறாள் போலிருந்தது. நான் பேச்சை நாற்பத்தேழுக்குக் கொண்டுபோனேன்.

"நீங்க எழுதிக் குடுத்தா தொட்டி நமக்கு வராதுங்களா?"

"வராது. அஞ்சாறு வருஷம் ஆயிரும்."

"எழுதலீன்னா?"

"வந்துரும். யாருக்கும் தெரியாது."

கத்தியைத் தட்டில் வைத்தாள். "அந்த லைன் ஊட்ல ஒரு குடும்பத்துக்கு எத்தனை குடம் கெடைக்குதுங்க?"

எனக்குத் தெரியவில்லை. நான்கு நாள் அங்கே நடந்திருக்கிறேன், ஆட்களை எண்ணினேன், அறைகளை எண்ணினேன், குடத்தை எண்ணவில்லை.

"அதைத்தானுங்க மொதல்ல எண்ணியிருக்கோணும்" என்றாள். மறுபடி கத்தியை எடுத்தாள். அவரைக்காய் முழுவதும் நறுக்கி முடித்த பிறகு சொன்னாள்: "தொட்டிய எங்க வேணும்னாலும் வெச்சுக்கங்க. இந்த ஊட்டுக் குடத்த மட்டும் இனி நீங்க எடுங்க."

கோபமா, சம்மதமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 4, புதன்

தண்ணீர். ஏழு குடம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

பதினெட்டுப் படி என்று இத்தனை நாளாக எழுதிவந்தேன். பத்தொன்பது. கடைசியில் ஒரு சின்னப் படி இருக்கிறது. வெறுங்கையோடு ஏறுகிறவன் காலுக்கு அது தெரியாது.

மார்ச் 6, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். மூன்று தடவை கிழித்து எழுதினேன். முதலில் 'தவறு நேர்ந்துள்ளது' என்று எழுதினேன். யாரால் நேர்ந்தது என்று ஃபௌசியா கேட்டது. 'என்னால்' என்று சேர்த்தேன். ஒரு சொல்தான். ஆனால் அதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 9, திங்கள்

மெமோ வந்தது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். விளக்கம்தானே போன வெள்ளிக்கிழமை கொடுத்தேன்? விளக்கம் கொடுத்ததற்கு விளக்கம் கேட்கிறார்களா என்று பிரிவில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அதே ஒன்றரைப் பக்கத்தை நகலெடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

திருமலைசாமி சார் எதிரே வந்தால் சுவரைப் பார்க்கிறார்.

மார்ச் 12, வியாழன்

தண்ணீர். பத்து குடம். தோள்பட்டைக்கு அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டேன். அது ஒன்றுக்கும் உதவாத தைலம். இரண்டு மாதமாக அவள் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

தண்ணீர். பதினோரு குடம். தூக்கி வைத்துவிட்டு ஈரச் சட்டையை மாற்றி மாமன்றக் கூட்டத்துக்குப் போனேன். இன்று பட்ஜெட்.

மேயர் வாசித்தார். நாற்பத்தேழாம் வார்டுக்கு மேல்நிலைத் தொட்டி என்று வந்ததும் எங்கள் கவுன்சிலர் நாச்சிமுத்து எழுந்துவிட்டார்.

"ஜனவரியில இருவத்தஞ்சாயிரம் பேருன்னீங்க. மார்ச்சுல எட்டாயிரங்கறீங்க. மீதிப் பேரெல்லாம் எங்கீங்க போனாங்க? பதில் சொல்லோணும்!"

ஆணையர் அம்மா என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன். 

"போகலீங்க. அவங்க எப்பவும் அங்க இல்லீங்க. நாந்தான் ஒரே ஆளை மூணு தடவ எண்ணிட்டனுங்க" என்றேன்.

சபை சிரித்தது. ஒருவர் கைகூடத் தட்டினார், கிண்டலுக்கா என்று தெரியவில்லை. நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பெரிய இரைச்சலுக்குப் பிறகு ஒருமனதாக நிறைவேறியதாக அறிவித்தார்கள். இரைச்சல் போட்டவரும் அந்த ஒருமனதில் உண்டு.

'நெடுங்கரை 2045' புத்தகத்தின் புது அச்சில் எங்கள் வார்டு வெளிர் மஞ்சள்.

மார்ச் 21, சனி

டீக்கடையில் யாரும் பேசவில்லை. பேப்பரைக் கொடுங்கள் என்றால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கொடுக்கிறார்கள். பேனரை யாரோ கழற்றிவிட்டார்கள். மத்தியானம் பார்த்தேன், கவுன்சிலர் வீட்டு விறகின் மேல் மூடியிருந்தது. 'அதிவேக' வரைக்கும் தெரிந்தது.

சரியானதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தால் மனம் லேசாக வேண்டும் அல்லவா? ஆகவில்லை. காலை நீட்டி உட்கார்ந்திருப்பவளைப் பார்க்கும்போதெல்லாம் கனக்கிறது.

மார்ச் 23, திங்கள்

உத்தரவு: எல்லா வார்டுகளிலும் புதிதாகக் கதவெண் இட வேண்டும். பொறுப்பு: கோ. சென்னியப்பன். மெமோ வாங்கியவனிடமே மறுபடி பொறுப்பைக் கொடுக்கிறார்கள். இது தண்டனையா, நம்பிக்கையா? யாரிடமும் கேட்கவில்லை.

சுற்றறிக்கையை நானே எழுதினேன். 'பழைய எண்கள் கட்டாயம் அழிக்கப்பட வேண்டும்.' அடிக்கோடு இரண்டு.

மார்ச் 26, வியாழன்

நாற்பத்தேழிலிருந்து தொடங்கினோம். இனி காம்பவுண்டுக்கு இல்லை, அறைக்கு ஓர் எண். பெயின்டரோடு மமதாவின் காம்பவுண்டுக்குப் போனேன். இரும்புக் கதவிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் அவள் அறை 9. பெயின்டர் ஈரத்துணியால் சாக்பீஸ் 18-ஐத் துடைக்கப் போனார்.

மமதா ஓடி வந்து கதவை மறைத்து நின்றுகொண்டாள். "அழிக்காதே அண்ணா! ஸ்கூல்ல பதினெட்டு குடுத்திருக்கு. கேஸ் சிலிண்டர் புக்ல பதினெட்டு. மாத்துனா மறுபடி முதல்லேர்ந்து அலையணும்."

பெயின்டர் என்னைப் பார்த்தார். "ரெண்டையும் போட்டர்லாங்களா சார்? பழசும் இருக்கட்டும், புதுசும் இருக்கட்டும். சனம் குழம்பாது."

ஒன்பது வருடத்துக்கு முன் அந்த வரியை எழுதியவன் பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. அவன் முட்டாள் இல்லை. இப்படி ஒருத்தி கதவை மறைத்து நின்றிருப்பாள், அவ்வளவுதான்.

"நீ ஏம்மா அந்தக் கடைசியிலிருந்து எண்ணுன? வாசல்லயிருந்து எண்ணியிருக்கலாமே?"

"குழாய் அங்கதான அண்ணா இருக்கு" என்றாள்.

விதிப் புத்தகத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்துப் புரட்டினேன். வாசலிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. இத்தனை காலமும் நாங்களாக அப்படிச் செய்திருக்கிறோம்.

குழாயிலிருந்து எண்ணச் சொன்னேன். பெயின்டர் அவள் சாக்பீஸ் கோட்டின் மேலேயே சிவப்பை இழுத்தார். பதினெட்டு. மற்ற இருபத்தைந்தும் அப்படியே. ஒன்றைக்கூட அழிக்கவில்லை. என் சுற்றறிக்கையை நானே முதல் காம்பவுண்டில் மீறினேனா, நிறைவேற்றினேனா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஏறுவதற்கு முன் கேட்டுவிட்டேன். ஒரு குடும்பத்துக்கு நாலு குடம். பத்து நாளைக்கு.

மார்ச் 28, சனி

தண்ணீர் வந்தது. காலை 5.50 முதல் 7.55 வரை.

சுலோசனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினாள். கீழே இறங்கி வர அவளுக்குக் கால் மணி நேரம் ஆகியது. இறங்கியே தீருவேன் என்றாள்.

தூக்கி முடித்ததும் மிச்சமிருந்த பெயின்டை எடுத்துவந்து எங்கள் நிலையின் முன் நின்றேன். மூன்றில் இரண்டை அழிக்க வேண்டும். தபால்காரருக்கு 14 தெரியும். சிலிண்டர்காரருக்கு 31. 112 என் அலுவலகத்துக்கு மட்டும் தெரியும். எதை விடுவது என்று அவளைக் கேட்டேன்.

"மூணையும் அழிச்சுப்போட்டு எம்பேர எழுதுங்க. இந்தப் படி அத்தனையும் ஏறி எறங்குனவ நான்தான்."

பதினான்கை விட்டுவைத்தேன்.

கைகழுவி வந்து டைரியை எடுத்தேன். பதினைந்து குடம் என்று எழுதப் போனபோது, பதினாலு என்றாள்.

"பதினஞ்சு சுலோ. தூக்கினவனுக்குத் தெரியாதா?"

"தூக்கறவங்களுக்குக் கணக்கு தப்பும்ங்க" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணில் இருந்தது. "எண்ணறவ சொல்றதுதான் கணக்கு."

பதினான்கு குடம்.